தோற்றவர் எழுத வேண்டும்

கனகசபை தன் டொயோட்டாவை ஒருவருக்கும் கொடுப்பதில்லை. மகள் அபிதாவுக்குக் கொடுத்ததில்லை. மனைவி செல்வமலர் கேட்டதேயில்லை. மருமகன் கிருஷாந்த் ஒருமுறை கேட்டுப் பார்த்தபோது, "ஏன் தம்பி, நானே கொண்டுபோய் விடுறன்" என்று செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலை, டார்ட்ஸ் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர், டார்ட்ஸைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒருவனை டென்மார்க்கின் அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து ஹ்விடோவ்ரேயில் இருந்த ஒரு விளையாட்டு மண்டபத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

வேறொன்றும் தெரியாது என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். கிருஷாந்துக்கு நெதர்லாந்து மொழி தண்ணீர் பட்ட பாடு. நான்கு வயதில் யாழ்ப்பாணத்து உரும்பிராயிலிருந்து போய் நெதர்லாந்தின் ரோசன்டாலில் வளர்ந்தவன். தமிழ் வரும். டெனிஷ் மொழி வரமாட்டேன் என்று நிற்கிறது. மீன்குழம்பு நன்றாக வைப்பான். ஆனால் இருபத்து நான்கு வயதிலிருந்து முப்பத்தாறு வயது வரை அவன் உண்ட சோறு மூன்று சின்ன அம்புகள் போட்ட சோறு. நெதர்லாந்தில் டார்ட்ஸ் எறிந்து பிழைக்கலாம். அங்கே அதைத் தொலைக்காட்சியில் குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆயிரக்கணக்கான சனம் மண்டபத்தில் கூடிக் கூத்தாடும். அவனுடைய மனேஜர் அவனுக்கு "மிஸ்டர் சில்லி" என்று மேடைப் பெயர் வைத்து, செம்மஞ்சள் சட்டையில் நெஞ்சை மறைக்கிற அளவுக்கு ஒரு செத்தல் மிளகாயும் தைத்துக் கொடுத்திருந்தார். கிருஷாந்தோ உறைப்புக் கூடினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கிறவன். அதை மனேஜரிடம் சொல்லியும் பார்த்தான். மிளகாய் போகவில்லை.

கலியாணப் பேச்சின்போது கனகசபை நெதர்லாந்துக்குத் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளை என்ன செய்யிறார்?" என்பது. விளையாட்டு வீரர் என்றார்கள். "கிரிக்கெட்டோ?" என்றார். இல்லை. "புட்போலோ?" அதுவும் இல்லை. விளக்கம் சொல்லி முடிய, "அது குடிக்கிற இடங்களில சுவரில தொங்குமே, அதோ?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டார். அபிதாதான் பிடிவாதமாக நின்றாள். இன்றுவரைக்கும் யாராவது கேட்டால் மருமகன் "ஸ்போர்ட்ஸ் லைனில" இருக்கிறார் என்றுதான் கனகசபை சொல்லுவார்.

ஆட்டம் சுலபமானது. ஆளுக்கு ஐந்நூற்றொன்று புள்ளி தருவார்கள். முறைக்கு மூன்று அம்பு. எறிந்த புள்ளியைக் கழித்துக் கழித்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடைசி அம்பு மட்டும் பலகையின் வெளியோரத்தில் ஓடுகிற ஒடுக்கமான வளையத்தில், டபுள் என்கிற இடத்தில், குத்தியே ஆகவேண்டும். அந்த வளையம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. அதற்கு அந்தப் பக்கம் கம்பி, கம்பிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. கிருஷாந்தின் தொழில் வாழ்க்கை முழுவதையும் அந்தக் கம்பியைக் காட்டியே சொல்லிவிடலாம். ஒரேயொரு முறை ஒரு பெரிய போட்டியின் காலிறுதிவரை போனான். வெல்ல டபுள் பதினாறு வேண்டும், கையில் மூன்று அம்பு. மூன்றும் கம்பிக்கு வெளியே போயின. அதற்குப் பிறகு எறிகிற கை சொன்னதைக் கேட்க மறுத்தது. வருடா வருடம் தரவரிசையில் சறுக்கி, கடைசியில் தொழில்முறை ஆட்டக்காரர் அட்டையும் பறிபோனது. அபிதாவின் வேலை டென்மார்க்கில், அவள் தாதி. இவனை நெதர்லாந்தில் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. வந்துவிட்டான். இப்போது புரொண்பியில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறான்.

அந்தச் சனிக்கிழமையின் விசேஷம் இதுதான். வடகடல் கிண்ணம் என்று ஒரு பெரிய போட்டி கொப்பன்ஹேகனில் நடக்க இருந்தது. தொலைக்காட்சி, மேடை, இசை எல்லாம் உண்டு. அதில் நான்கு இடங்கள் டென்மார்க்கில் வசிக்கிறவர்களுக்கு. அந்த நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கத்தான் ஹ்விடோவ்ரேயில் ஆட்டம். காலிறுதியில் வெல்லுகிற நான்கு பேரும் மேடைக்குப் போவார்கள். இதற்கிடையில் களஞ்சியத்தில் அவனைக் குழுத் தலைவனாகப் போட நிற்கிறார்கள். அந்த வேலைக்குச் சனி, ஞாயிறு வரவேண்டும். டார்ட்ஸ் முழுவதும் சனி, ஞாயிறுதான். ஆகவே கிருஷாந்த் தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். இடம் கிடைத்தால் அம்பு, கிடைக்காவிட்டால் களஞ்சியம். அதற்கு மேல் இழுத்தடிக்கிறதில்லை.

"நான் உங்களை டார்ட்ஸை விடச் சொல்லேல்ல" என்றாள் அபிதா.

"நீ சொல்லேல்ல. நான்தான் சொல்லுறன்."

முதல் மூன்று ஆட்டங்களில் கிருஷாந்த் எதிரிகளை ஊதித் தள்ளினான். பல வருடங்களுக்குப் பிறகு கை சொன்னதைக் கேட்டது. அம்பு விரலை விட்டுப் போகிறபோதே எங்கே குத்தும் என்று தெரிகிற அந்தப் பழைய சுகம் திரும்பி வந்திருந்தது. கனகசபை பின்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, பேப்பர் கப்பில் கோப்பி குடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்த டெனிஷ்காரரிடம் "என்னுடைய மருமகன்" என்று தகவல் சொல்லிக்கொண்டிருந்தார். காலிறுதியில் மிக்கெல் என்கிற தச்சு வேலைக்காரன் வந்தான். ஒவ்வொரு எறிக்கும் முதல் மூக்கை ஒருதரம் உறிஞ்சுவான். ஆறு சுற்று முதலில் வெல்பவருக்கு ஆட்டம். ஐந்துக்கு ஐந்து என்று வந்து, கடைசிச் சுற்றில் கிருஷாந்த் நன்றாகவே எறிந்தான். மிக்கெல் அதைவிட நன்றாக எறிந்தான். அவ்வளவுதான். திட்டுவதற்குக்கூட ஒரு காரணம் மிஞ்சவில்லை.

அவன் அம்புகளைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருக்கும்போது, போட்டியை நடத்துகிற டோர்த்தெ வந்தாள். கழுத்தில் விசில், கையில் கணினி, முகத்தில் எப்போதும் ஒரு நல்ல சிரிப்பு உள்ள பெண். பலகையின் பக்கத்தில் நின்ற சின்னத் திரையைக் காட்டி, "டேபர் ஸ்க்ரீவர்" என்றாள். தோற்றவர் எழுத வேண்டும். அதாவது தோற்றவன் அந்தப் பலகையை விட்டுப் போகக்கூடாது. அடுத்த ஆட்டத்துக்குப் புள்ளி குறித்து, சத்தமாகச் சொல்லி, குத்தியது உள்ளேயா வெளியேயா என்று தீர்ப்பும் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். டென்மார்க் கழக ஆட்டங்களில் இது நெடுங்கால வழக்கம். மந்திரியின் மகனாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

கிருஷாந்த் பெட்டியை மூடினான். அவன் ஆடிய மேடைகளில் புள்ளி சொல்லச் சீருடை போட்ட ஆட்கள் இருப்பார்கள். தோற்றால் பின்கதவால் போய்விடலாம். இங்கேயானால் தோற்ற இடத்திலேயே, வென்றவன் இன்னும் தண்ணீர் குடித்து முடிக்காத நேரத்தில், வேலைக்காரன் மாதிரி நிற்க வேண்டும். அவமானமாக இருந்தது. உடம்பு முழுவதும் போய்விடு போய்விடு என்றது.

கனகசபை எழுந்து வந்தார். "என்ன தம்பி, வேலை ஏதும் தந்திட்டினமோ?"

"தோத்தா எழுத வேணுமாம் மாமா."

"தண்டனையோ?"

"இல்லை. இஞ்சத்தைய வழக்கம்."

"தோத்தவனைப் பிடிச்சு வேலையும் வாங்கிறாங்கள்" என்றார் கனகசபை. "கெட்டிக்காரர். சரி, எழுதிப்போட்டு வாங்கோ. நான் இன்னொரு கோப்பி குடிக்கிறன்."

எழுத வேண்டிய ஆட்டம் பிரெபனுக்கும் ஜெனனிக்கும் இடையிலான அடுத்த காலிறுதி. பிரெபன் ஐம்பது தாண்டிய, நிதானமான, யானை போன்ற மனிதர். நாட்டின் முதல்தரக்காரர்களில் ஒருவர். ஜெனனி, ஹ்விடோவ்ரேயில் இருக்கிற றொபேர்ட் என்ற தமிழரின் மகள். பஸ் ஓட்டுகிறாள். டிப்போ கன்ரீனில் தொங்கிய பலகையில் இடைவேளைகளில் எறிந்து எறிந்து இந்த அளவுக்கு வந்தவள். றொபேர்ட் பெந்தகொஸ்தே சபையில் முக்கியமான ஆள். பலகை தொங்குகிற இடத்தில் பியரும் இருக்கும் என்பது அவருடைய கட்சி. அதனால் ஜெனனி ஒவ்வொரு போட்டிக்கும் வீட்டிலிருந்து இரண்டு போத்தல் எலுமிச்சம் தண்ணீர் கரைத்துக்கொண்டு வருவாள். எறிவதற்கு முதல் அவளுடைய உதடு அசையும். செபம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் கிருஷாந்தைக் கண்டதும் முகம் மலர்ந்தாள். "அண்ணா, உங்கட மேட்ச் நான் யூடியூப்பில எத்தனை தரம் பாத்திருப்பன் தெரியுமோ!"

"எந்த மேட்ச்?"

அவள் கொஞ்சம் தடுமாறினாள். "அந்த... டபுள் சிக்ஸ்ரீன் மேட்ச்."

பன்னிரண்டு வருடம் ஆடியவனை உலகம் மூன்று அம்புகளுக்காக நினைவு வைத்திருக்கிறது. வேறு என்ன செய்வது? "ஓம், அது நான்தான்" என்று சிரித்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

எழுதுகிறவன் எப்படி நிற்கவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அசையக்கூடாது. எறிகிறவரின் முகத்தைப் பார்க்கக்கூடாது. பலகையைப் பார்த்தபடி கோயில் தூண் மாதிரி நிற்கவேண்டும். சின்ன வயதுப் போட்டிகளில், எழுதுகிறவன் சுவிங்கம் சப்பினால்கூட அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆகவே ஒழுங்காக நின்றான். நிற்க நிற்க ஒரு விஷயம் அவனுக்கே வியப்பாக இருந்தது. தோல்வி எங்கோ ஒரு மூலைக்குப் போய்விட்டது. அடுத்த மூன்று அம்பு, அடுத்த புள்ளி, சத்தமாகச் சொல், திரையில் தட்டு. நினைப்பதற்கு நேரமில்லை. ஜெனனி நன்றாக எறிந்தாள். பஸ்ஸை வளைவில் திருப்புகிற மாதிரி, அவசரமில்லாமல், முழு நம்பிக்கையோடு எறிந்தாள். பார்க்கப் பிடித்திருந்தது.

நான்குக்கு நான்கு என்று நின்றபோது சின்ன இடைவேளை. டோர்த்தெ கணினியையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, அவன் காதுக்குள் ஆங்கிலத்தில் மகிழ்ச்சியோடு ஒரு செய்தி சொன்னாள். பிரெபனுக்குத் தரவரிசைப்படி ஏற்கெனவே வடகடல் கிண்ணத்தில் இடம் இருக்கிறதாம். அது இப்போதுதான் உறுதியானதாம். ஆகவே இந்த ஆட்டத்தில் பிரெபன் வென்றால் அவருக்கு இந்த இடம் தேவையில்லை. அது காலிறுதியில் தோற்றவர்களுக்குள்ளே எறிந்த புள்ளிகளின் சராசரி கூடிய ஆளுக்குப் போகும். "அது நீதான்" என்றாள். "மற்றவர்கள் உன் கிட்டவும் இல்லை."

கிருஷாந்த் திரையிலிருந்து கையை எடுத்தான். "அப்படியென்றால் வேறு யாராவது எழுதட்டும்" என்றான்.

"ஏன்? நீ நன்றாகத்தானே எழுதுகிறாய்" என்றாள் டோர்த்தெ. அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. குழந்தையைத் தள்ளுவண்டியோடு கடைவாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்க் கோப்பி குடிக்கிற நாடு. ஒருவனுக்கு இலாபம் இருந்தால் அவன் பொய் சொல்லுவான் என்பது அவள் தலைக்குள் ஏறாத சங்கதி. தோளில் தட்டிவிட்டு அடுத்த பலகைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவனால் தூண் மாதிரி நிற்க முடியவில்லை. நின்றான்தான், ஆனால் உள்ளே ஒவ்வொரு அம்புக்கும் குலுங்கியது. பிரெபன் எறிந்தால் குத்து, குத்து என்றது மனம். ஜெனனி எறிந்தால் விலகு, விலகு என்றது. அவளுடைய உதடு அசைகிறபோது, கர்த்தர் இந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கட்டும் என்றுகூட ஒருதரம் நினைத்தான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நினைத்தான்.

ஐந்துக்கு ஐந்து. கடைசிச் சுற்று. ஜெனனிக்கு முப்பத்திரண்டு மிச்சம். டபுள் பதினாறு. வேறு எந்த இலக்கமும் வந்திருக்கலாம், அதுதான் வந்தது. பிரெபனுக்கு நாற்பது மிச்சம். அடுத்த முறை பிரெபனின் கைக்குப் போனால் ஆட்டம் முடிந்த மாதிரித்தான். அந்த இடத்தில் அவர் பிழைவிடுகிறவர் அல்ல.

ஜெனனியின் முதல் அம்பு கம்பிக்கு வெளியே குத்தியது. இரண்டாவதும் அதை உரசிக்கொண்டு வெளியேதான் குத்தியது. மூன்றாவது அம்பு இரண்டாவதின் தண்டில் பட்டு, வழுக்கி, குத்தி நின்றது. எறிகோட்டிலிருந்து பார்க்கிறவருக்கு மூன்றும் ஒரு கொத்தாக வெளியே நின்றன. கூட்டத்திலிருந்து "ஆ" என்று ஒரு பெருமூச்சு வந்தது. பிரெபன் தன் முறைக்கு முன்னே வந்து நின்றார். ஜெனனி டெனிஷ் மொழியில் தன்னையே ஏதோ திட்டிக்கொண்டு, அம்புகளைப் பிடுங்கக் கையை நீட்டியபடி பலகையை நோக்கி வந்தாள்.

கிருஷாந்த் பலகைக்குக் கிட்ட நின்றான். அவனுக்கு மட்டும் தெரிந்தது. மூன்றாவது அம்பின் கூர் கம்பிக்கு உள்ளே இருந்தது. தண்டு வெளியே சாய்ந்திருந்தது, கூர் உள்ளே. சந்தேகத்துக்கு இடமேயில்லை. அது டபுள் பதினாறு.

பொய் சொல்லத் தேவையில்லை. ஒன்றும் செய்யத் தேவையில்லை. எழுதுகிறவர் சொல்லுமுன் அம்பைப் பிடுங்கினால் அது செல்லாது என்பது சட்டம். அவளாகவே வந்து பிடுங்கப் போகிறாள். கொஞ்சம் தாமதித்தால் போதும். எறிகோட்டிலிருந்து பலகைக்கு எவ்வளவு தூரம்? ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சை வாய்க்குள் வைத்திருந்தால் மேடை, இசை, அந்தச் செம்மஞ்சள் சட்டை, எல்லாம் திரும்ப வரும். ஒரு குருவிக்கும் தெரியவராது. அவன் அந்த மூச்சைப் பிடித்தும் வைத்திருந்தான்.

அவளுடைய விரல் அம்பைத் தொடப் போனபோது அவன் தன் கையைக் குறுக்கே போட்டான். "தொடாதேங்கோ!" என்று தமிழில் கத்திவிட்டான். பிறகு, பன்னிரண்டு வருடம் மற்றவர்கள் வாயிலிருந்து கேட்ட அந்தச் சொல்லை, மண்டபம் முழுவதும் கேட்கச் சொன்னான்: "கேம் ஷொட்!" ஆட்டம் முடிந்தது, எறிந்தவர் வென்றார் என்று அதற்கு அர்த்தம்.

ஜெனனி விளங்காமல் நின்றாள். கிருஷாந்த் பிரெபனைக் கூப்பிட்டு, அம்பு அசையுமுன் வந்து பார்க்கச் சொன்னான். பிரெபன் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டு, குனிந்து, ஒரு பக்கமாகப் பார்த்து, மறுபக்கமாகப் பார்த்து, "உள்ளே" என்றார். அதன் பிறகுதான் அந்தப் பெண் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிரெபன் அவளுக்குக் கை கொடுத்தார். பிறகு திரும்பி கிருஷாந்துக்குக் கை கொடுத்தார், விடாமல் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டார். இடம் யாருக்குப் போயிருக்கும் என்பதை டோர்த்தெ அவருக்கும் சொல்லியிருந்தாள். அவர் மற்றவர்களுக்குச் சொன்னார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்கள். டோர்த்தெயின் முகத்தில் மட்டும் அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு இல்லை. அவனை எந்த நிலையில் நிறுத்தி எழுத வைத்தோம் என்கிற கணக்கு அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டிருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் கனகசபை மலசலகூடத்திலிருந்து திரும்பி வந்தார். மருமகனைச் சுற்றிக் கூட்டம். எல்லோரும் கை கொடுக்கிறார்கள். ஒரு பெரிய வெள்ளைக்காரன் முதுகில் தட்டுகிறான். அவர் வேறு என்னத்தை நினைப்பார்? உடனே தொலைபேசியை எடுத்து வீட்டுக்கு அடித்தார். "செல்வம், தம்பி வெண்டிட்டார்! ஓமோம், கடைசியில வெண்டிட்டார். ஏதும் இனிப்பாச் செய்யும்."

காரில் ஏறியபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. "இனி டிவியில வருவியள் என்ன?" என்று கேட்டார்.

"நான் இல்லை மாமா. அந்தப் பிள்ளைதான் வரும்."

"அப்ப ஏன் எல்லாரும் உங்களுக்குக் கை தந்தவை?"

கிருஷாந்த் சொன்னான். பிரெபனின் இடம், சராசரி, கம்பி, அம்பின் கூர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். கனகசபை சிவப்பு விளக்கில் காரை நிறுத்தி, அவன் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தா அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

"இல்லை."

"அந்த யானைக்கு?"

"தெரிஞ்சிராது."

"தம்பி, கோவிக்காதேங்கோ" என்றார் கனகசபை. "விசர் வேலை பாத்திருக்கிறியள்." பிறகு அல்பர்ட்ஸ்லுண்ட் வரும்வரை வேகக் கட்டுப்பாட்டுக்குப் பத்துக் கிலோமீற்றர் குறைவாக ஓட்டிக்கொண்டு வந்தார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான் ஓட்டுவார்.

வீட்டில் முந்திரிகை வற்றலும் கஜூவும் போட்டு ரவைக் கேசரி செய்து செல்வமலர் மேசையில் வைத்திருந்தாள். செய்ததை என்ன செய்வது? மூன்று பேரும் இருந்து, காரணமில்லாத கேசரியைச் சாப்பிட்டார்கள். வேலை முடிந்து வந்த அபிதா தட்டத்தைப் பார்த்தாள், புருஷனுடைய முகத்தைப் பார்த்தாள், கதையை முழுவதும் கேட்டாள்.

"அம்பு உள்ளுக்கு நிண்டது, வாய் தன்ரை பாட்டில சொல்லிட்டுது" என்று கிருஷாந்த் முடித்தான்.

"சும்மா சொல்லாதேங்கோ. எவ்வளவு நேரம் யோசிச்சனீங்கள்?"

அவளிடம் மறைத்துப் பிரயோசனம் இல்லை. "ஒரு மூச்சு" என்றான். அவள் அவனுடைய தட்டத்திலிருந்தே ஒரு துண்டு கேசரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த மாதம் அவன் குழுத் தலைவன் ஆனான். சட்டம் சட்டம்தான். அம்புப் பெட்டியை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தான். ஜெனனி இரண்டுமுறை அழைத்தாள். வடகடல் கிண்ணத்துக்குத் தன்னோடு வரவேண்டும், தன் ஆட்களுக்கென்று ஒதுக்கிய மேசையில் வந்து இருக்கவேண்டும் என்றாள். அப்பா வரமாட்டார், வேறு ஆளுமில்லை என்றாள். அவன் சனிக்கிழமை வேலை என்று சொன்னான். அது பொய். அன்றைக்கு அவனுக்கு ஓய்வு. அந்த மண்டபத்தின் வாசனையை, அந்த இரைச்சலை, மேடைக்குக் கீழே இருந்துகொண்டு அவனால் தாங்கமுடியாது. வயிறு எரிந்தது, அதுதான் உண்மை. சரியானதைச் செய்தவனுக்கு வயிறு எரியாது என்று யார் சொன்னது?

வடகடல் கிண்ணம் நடந்த அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கனகசபை வீட்டுக் கூடத்தில் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்கள். ஜெனனி மேடைக்கு வந்தாள். அவளுக்கென்று போட்ட பாட்டு அவளுக்கே புதிதுபோல மிரண்டு பார்த்தாள். சட்டையின் முதுகில் ஒரு பஸ் தைத்திருந்தார்கள். எதிரே ஆடியவன் இங்கிலாந்துக்காரன், முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாதவன். ஆட்டம் தொடங்கியது. கனகசபை எடுத்த தேத்தண்ணீர் ஆறுமுன்னமே முடிந்தும் விட்டது. ஆறுக்குப் பூச்சியம். ஒரு சுற்றுக்கூட அவள் வெல்லவில்லை. டபுளுக்கு எறிய ஒரு தருணம்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

"இதுக்கோ தம்பி..." என்று தொடங்கிய கனகசபை மனைவி பார்த்த பார்வையில் நிறுத்தினார்.

தான் போயிருந்தால் இரண்டு சுற்றாவது எடுத்திருப்பேன் என்று கிருஷாந்தின் மனம் கணக்குப் போட்டது. பிறகு, இரண்டு எடுத்து என்ன, தோற்றுத்தான் வந்திருப்பேன் என்றும் கணக்குப் போட்டது. இரண்டு கணக்கும் சரியாகத்தான் இருந்தன. திரையில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது அவனுடைய தொலைபேசி அடித்தது. ஜெனனி. பின்னால் பெரிய இரைச்சல் கேட்டது, அடுத்த ஆட்டக்காரனுக்குப் பாட்டுப் போட்டிருந்தார்கள். அவள் அழவில்லை. குரல் மட்டும் எங்கேயோ தொலைந்துபோன பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"அண்ணா, இஞ்ச தோத்தா எழுதத் தேவையில்லையாம். நான் போய்க் கேட்டனான். ஒருத்தரும் ஒண்டும் செய்யத் தேவையில்லையாம். எனக்கு இப்ப எங்க போய் நிக்கிறதெண்டு தெரியேல்ல."

கிருஷாந்துக்கு அந்த நிலை தெரியும். எங்கே போய் நிற்பதென்று பன்னிரண்டு வருடம் அவனுக்கும் தெரியாமல்தான் இருந்தது. மேடையிலிருந்து இறங்கினால் யாரும் கண்ணைப் பார்க்க மாட்டார்கள். கையில் ஒன்றும் இருக்காது. பின்கதவால் வெளியே போனால் ஒரு ஹோட்டல் அறை, ஒரு கட்டில், சுவர். தோற்ற அதே பலகைக்குப் பக்கத்தில் நின்று அடுத்தவருடைய புள்ளியைச் சத்தமாகச் சொல்லுகிற அந்த அவமானம் எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை அவன் இந்த நிமிடம் வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

"பின்கதவால போயிராதேங்கோ" என்றான். "உங்கட மேசையிலேயே போய் இருங்கோ. நான் வாறன். ரெண்டு பேரும் இருந்து அடுத்த மேட்ச்சை எழுதுவம். ஒருத்தரும் கேக்காட்டியும் எழுதுவம்."

எழுந்து ஜக்கெற்றைத் தேடினான். கனகசபையும் வழக்கம்போல எழும்பப் போனார். பாதியில் என்ன நினைத்தாரோ, திரும்ப உட்கார்ந்துவிட்டார். காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு டொயோட்டாவின் சாவியை எடுத்து, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே நீட்டினார்.

"மூண்டாவது கியர் கொஞ்சம் இறுக்கம். பாத்துப் போடுங்கோ."